சோழவரத்துச் சத்தமும் ஒரு பழைய பத்மினியும்

பிரீமியர் பத்மினியின் இன்ஜினுக்குச் சுமார் 40 குதிரைத்திறன் என்பார்கள். அது தொழிற்சாலையை விட்டு வண்டி வெளியே வந்த நாளின் கணக்கு. 1987-இல் மெட்ராஸ் இளைஞர் ஒருவரின் கைக்கு அவருடைய மாமாவிடமிருந்து வந்த வண்டி 1975 மாடல். பன்னிரண்டு வருஷம் மெட்ராஸ் வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் ஊறி, கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிய வண்டி அது. குடும்பத்தில் ஐந்து பேர் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஜெமினி மேம்பாலத்தில் பாதி ஏறும்போதே கியரைக் குறைத்தாக வேண்டும். பின்னால் வரும் பல்லவன் பஸ் ஹாரன் அடிக்கும். அந்த நாற்பதில் எத்தனை மிச்சமிருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மாமா வண்டியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "விக்கிறதா இருந்தா வித்துடு மாப்ளே, வருத்தமில்ல." விற்கிற எண்ணம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. காரணம் சோழவரம்.

மெட்ராஸுக்கு வடக்கே, கல்கத்தா போகிற சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் இருக்கிறது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயத் தளமாக்கியது. ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற தளம். நிழலுக்கு மரமில்லை. ஜனங்கள் புளிசாதப் பொட்டலத்தோடு வந்து வெயிலில் நின்று பார்ப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். கூட்டம் அதைப் பார்த்து வாய்பிளந்தது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூட வயதிலிருந்து அங்கே போய்வந்த அவருக்கு மனசில் நின்றது வேறு பந்தயம். பத்மினிக்கு முன்னோடியான ஃபியட், அம்பாஸிடர், மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தெருவில் ஓடுகிற வண்டிகளே அங்கே மோதின. வீட்டு வாசலில் நிற்கிற அதே ஃபியட், பம்பரையும் பின்சீட்டையும் கழற்றிப்போட்டுவிட்டு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு நேர்பாதையில் பாயும். அதே 1089 சி.சி., அதே நாலு சிலிண்டர். அந்தச் சத்தம் எங்கேயிருந்து வருகிறது?

சத்தத்துக்குப் பின்னால் இருந்தது பணம் என்பது பின்னால்தான் புரிந்தது. பந்தயக்காரர்கள் இரட்டைத் தொண்டை வெபர் கார்பரேட்டர்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார்கள், கேம்ஷாஃப்ட்டை மாற்றினார்கள், ஒரு சீசனுக்கு ஒரு இன்ஜின் என்று தின்றார்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் டூல் ரூம் சூப்பர்வைசராக இருந்த இளைஞனால் அதை நினைத்தும் பார்க்க முடியாது. அவரிடம் இருந்தவை மூன்று. இரண்டு மாதச் சம்பளத்துக்கு மிகாத ஒரு தொகை. மைக்ரோமீட்டர் பிடித்துப் பழகிய கை. மூர் மார்க்கெட்டில், 1985-இல் அது தீக்கிரையாவதற்கு முன், பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஆங்கிலப் புத்தகம். பந்தய இன்ஜின்களை வடிவமைப்பது, டியூன் செய்வது பற்றி ஃபிலிப் ஸ்மித் எழுதி 1954-இல் வந்த நூல் அது. அட்டை போய்விட்டது, உள்ளே எல்லாப் பக்கமும் இருந்தது.

புத்தகத்தோடுதான் அவர் புதுப்பேட்டைப் பக்கத்து ஷெட் ஒன்றுக்குப் போனார். அங்கிருந்த மேஸ்திரி இளவயதில் சோழவரத்தில் ஒரு பந்தயக் கோஷ்டிக்குக் கையாளாக இருந்தவர். படங்களைப் புரட்டிப் பார்த்தார், மூடி பானட் மேல் வைத்தார்.

"பவர் ஏத்தணும்னு வர்றீங்க தம்பி. சரி. மொதல்ல இருந்த பவர் எங்க போச்சுன்னு பாத்துடலாம்."

பழைய காருக்குக் குறைந்த செலவில் பலம் கூட்டுவது பற்றி அவர் பின்னாளில் நிறையப் படித்தார், நிறையப் பேரிடம் கேட்டார். இந்த ஒரு வாக்கியத்தைவிட உபயோகமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலை கொடுத்து, தேய்மானத்தில் தொலைந்துபோன குதிரைகள்தான் இருப்பதிலேயே மலிவானவை. அவற்றுக்கு ஏற்கெனவே யாரோ காசு கொடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரி பானட்டைத் திறக்கவே இல்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, சமதளத்தில் கையால் தள்ளச் சொன்னார். நகர்ந்தது, ஆனால் கையை எடுத்ததும் நின்றுவிட்டது. ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றினார். இடது பின்சக்கரம் அரைச் சுற்றோடு நின்றது. பிரேக் ஷூ டிரம்மை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சிலிண்டர் ரப்பர் ஊதிப்போய்ப் பிஸ்டன் திரும்ப மறுக்கிறது. இன்ஜின் தருவதில் ஒரு பங்கு அந்த டிரம்மைச் சூடாக்குவதிலேயே போய்க்கொண்டிருந்தது.

அடுத்தது இன்னும் எளிது. ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, அவரை உள்ளே உட்காரவைத்து ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதிக்கச் சொன்னார் மேஸ்திரி. டார்ச்சை அடித்துக் கார்பரேட்டர் தொண்டைக்குள் பார்த்தார். பட்டர்ஃபிளை வால்வு முக்கால்தான் திறந்திருந்தது. பெடலிலிருந்து கார்பரேட்டர் வரை போகிற ராடின் மூட்டுகள் தேய்ந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஆட்டம். போதாததற்குப் பெடலின் கீழே கனமான ரப்பர் மேட். வருஷக்கணக்கில் அந்த வண்டி முழு வாய் திறந்து மூச்சு விட்டதே கிடையாது. மூட்டுக்கு நாலு புஷ், ராடின் நீளத்தில் ஒரு திருத்தம். ஆன செலவு ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கும் காணாது.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். வேகம் ஏற ஏற ஸ்பார்க் முன்கூட்டி விழ வேண்டும். அதற்காக உள்ளே இரண்டு சின்ன எடைகள், சுற்றும் விசையில் விரிந்து கொடுக்கும். பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகி, எடைகள் அசையாமல் ஒட்டிக்கிடந்தன. ஐடிலிங்கில் டைமிங் சரியாகக் காட்டும். மூவாயிரம் சுற்றில் ஸ்பார்க் மிகப் பிந்திவிடும். இந்த நோய் பழைய வண்டிகள் பலவற்றிலும் உண்டு. மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சி.பி. பாயிண்ட் புதிதாகப் போட்டு, ஃபீலர் கேஜால் இடைவெளி வைத்ததும் இன்ஜினின் குரலே மாறியது.

கம்ப்ரஷன் சோதனையை அவர் இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வார். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கேஜை அழுத்திப் பிடிக்க, பையன் ஸ்டார்ட்டரைச் சுற்றினான். ஒன்று 115. இரண்டு 110. மூன்று 75. நாலு 112. மேஸ்திரி ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை மூன்றாவது ஓட்டைக்குள் விட்டு மறுபடியும் சுற்றச் சொன்னார். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து முள் ஏறும். முள் ஏறவில்லை. "ரிங்கு இல்ல. வால்வு" என்றார். ஒரு ஸ்பூன் எண்ணெயில் முடிந்த தீர்ப்பு. ஹெட்டைக் கழற்றியபோது மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பில் நகக்கண் அளவுக்கு எரிந்து போயிருந்தது.

அந்த ஒரு ஸ்பூன் எண்ணெய் போரிங் செலவையும் மிச்சப்படுத்தியது. ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர்களும் நண்பர்களும் ஒரே குரலில் சொன்னது, "போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடு, பவர் எகிறும்" என்பதுதான். அவர் பேப்பரில் கணக்குப் போட்டார். ஃபியட் சிலிண்டரின் விட்டம் 68 மி.மீ., பிஸ்டனின் ஓட்டம் 75 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் பெரிசாக்கி 69 ஆக்கினால் 1089 சி.சி. என்பது 1122 சி.சி. ஆகும். மூன்றே சதவீதம். போர் பண்ணிய வண்டி புதுசாக ஓடுவது போலத் தோன்றுவதற்குக் காரணம் அந்த 33 சி.சி. இல்லை, கசிந்துகொண்டிருந்த சிலிண்டர் மறுபடி இறுகப் பிடிப்பதுதான். ரிங் நன்றாக இருக்கும்போது அந்தச் செலவு வீண். பட்ஜெட்டில் செய்கிறவர்கள் தங்கள் பணத்தில் பெரும்பங்கைத் தொலைப்பது இந்த இடத்தில்தான் என்பது அவர் உறுதியான கருத்து. பாகத்தை வாங்கிய பிறகு காரணம் தேடுகிறார்கள்.

தொலைந்தது திரும்பியதும் புதிதாகக் கூட்டுவது எப்படி என்ற கேள்வி வந்தது. கூட்ட முடியும் என்பதற்கு ஃபியட் நிறுவனமே சாட்சி. 1953-இல் இத்தாலியில் வந்த சாதாரண 1100 காருக்கு 36 குதிரைத்திறன். அதே ஆண்டு வந்த 'டூரிஸ்மோ வெலோச்சே' என்ற வேக மாடலுக்கு 50. சி.சி. ஒன்றுதான். அழுத்த விகிதத்தைக் கூட்டி, இரட்டைத் தொண்டை வெபர் கார்பரேட்டர் வைத்துப் பெற்றதுதான் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி. இத்தாலியில் கார்லோ அபார்த் இதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். 1949-இல் நிறுவனம் தொடங்கி, மலிவான ஃபியட் 600-ஐ எடுத்து, அதன் 633 சி.சி. இன்ஜினை 747 சி.சி. ஆக்கிப் பந்தயத்தில் விட்டார். வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும்படி உதிரிபாகங்களைப் பெட்டியில் அடைத்தும் விற்றார். சாதாரணக் காரை வைத்திருக்கிறவனும் வேகத்துக்கு ஆசைப்படலாம் என்பதை ஒரு தொழிலாகவே நிறுவிக் காட்டிய மனிதர்.

பம்பாயில் குர்லா ஆலையில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த பத்மினிக்கு வந்தது அந்தச் சாதாரண வழி. மட்டமான பெட்ரோலையும் தாங்க வேண்டும் என்று அழுத்த விகிதம் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தது. அன்றைக்குப் பெட்ரோல் பங்க்குகளில் 87 ஆக்டேன், 93 ஆக்டேன் என்று இரண்டு தரம் கிடைத்தது. 93 போட்டால், விகிதத்தைக் கொஞ்சம் உயர்த்த இடமிருந்தது. அதற்கு மலிவான வழி ஹெட்டை அடியில் சீவுவது.

எவ்வளவு சீவுவது? இங்கேதான் டூல் ரூம் பழக்கம் கைகொடுத்தது. ஹெட்டைத் தலைகீழாக வைத்து, ரசமட்டம் பார்த்து, பிளக்கும் வால்வும் மாட்டியபடியே, ஒவ்வொரு எரியறையிலும் பியூரெட்டால் மெல்லிய எண்ணெயை ஊற்றி அளந்தார். கேஸ்கெட்டின் கனத்தையும் சேர்த்தால் அறைக்கு 43 சி.சி. அளவில் வந்தது. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 272. இரண்டையும் கூட்டி அறையால் வகுத்தால் 7.3. அறை 38 ஆனால் விகிதம் 8-ஐச் சற்றுத் தாண்டும். ஆக ஐந்து சி.சி. குறைய வேண்டும். அதை மில்லிமீட்டராக்க ஒரு சுலபமான உபாயம் உண்டு. வேண்டிய கொள்ளளவுக்கு மட்டும் எண்ணெயை ஊற்றிவிட்டு, அதன் மட்டம் ஹெட்டின் முகத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று டெப்த் கேஜால் பார்த்தால் போதும். அந்த ஆழம்தான் சீவ வேண்டிய கனம். ஒன்றரை மில்லிமீட்டர் வந்தது.

சீவுவதற்கு முன் இன்னொன்று பார்த்தாக வேண்டும். ஹெட் கீழே இறங்கினால் வால்வும் பிஸ்டனுக்கு அருகே வரும். இரண்டும் முட்டினால் கதை முடிந்தது. பக்கத்துக் கடையில் பிள்ளைகள் விளையாடும் களிமண் ஒரு துண்டு வாங்கிவந்தார். அதைப் பிஸ்டன் தலையில் ஒட்டி, எண்ணெய் தடவி, ஹெட்டைத் தற்காலிகமாக இறுக்கி, கிராங்கைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினார். திறந்து பார்த்தபோது களிமண்ணில் வால்வின் வட்ட முத்திரை பதிந்திருந்தது. பிளேடால் குறுக்கே வெட்டி, முத்திரைக்குக் கீழே மிஞ்சிய கனத்தை வெர்னியரில் அளந்தார். ஒன்றரை மில்லிமீட்டர் போனாலும் தாராளமாக இடம் இருந்தது. ஷெட்டில் இருந்த பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று பார்த்தார்கள். மேஸ்திரி அந்த வெட்டிய களிமண் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க கண்ணால பாத்து குத்துமதிப்பா சீவுவோம் தம்பி. இது பேச்சே வேற" என்றார்.

அம்பத்தூரில் தெரிந்த பட்டறையில் ஹெட்டைச் சீவியாயிற்று. ஹெட் இறங்கியதால் புஷ்ராடு நீளமாகிவிட்ட கணக்கு. ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் ஷிம் வைத்துச் சரிசெய்தார்கள். டேப்பட் இடைவெளி வழக்கம்போல.

போர்ட் வேலையை அவரே செய்தார். பெரிய ஓட்டை என்றால் அதிகக் காற்று என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பாதையை அகலமாக்கினால் காற்றின் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றுகளில் வண்டி சோர்ந்துவிடும். தெருவில் ஓடுகிற காருக்கு வேண்டியது அகலமில்லை, ஒழுங்கு. வார்ப்பில் நின்ற பிசிறுகள், கேஸ்கெட் ஓட்டைக்குள் துருத்திக்கொண்டிருந்த விளிம்பு, வால்வு சீட்டுக்குக் கீழே படி போல நின்ற மேடு ஆகியவற்றை மட்டும் எடுத்தார். ஹெட் அலுமினியம். சாணைக்கல் வைத்தால் உலோகம் கல்லில் அப்பிக்கொண்டு கல் வழுக்கும். அதனால் ரோட்டரி ஃபைலில் சாக்பீஸ் தேய்த்து, அடிக்கடி மண்ணெண்ணெயில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியிருந்தது. ராத்திரி வேலை. தோளெல்லாம் அலுமினியத் தூள்.

வால்வு சீட்டுக்கு மூன்று கோணம் வெட்டச் சொல்லியிருந்தார். வால்வு உட்காரும் இடம் 45 டிகிரி, அதற்கு மேலே 30, கீழே 60. காற்று கூரான முனையில் முட்டாமல் வளைந்து இறங்க இது வழிவிடும். வால்வு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போதே ஓட்டம் கூடிவிடும். கட்டர் வைத்திருக்கிற பட்டறைக்கு இது அரைமணி நேர வேலை. இத்தனை குறைந்த கூலிக்கு இவ்வளவு பலன் தருகிற வேறொரு வேலையை அவர் அறிந்ததில்லை. பிறகு பேஸ்ட் தடவி ஒவ்வொரு வால்வையும் கையால் உருட்டி உட்காரவைத்தார்கள். சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் தெரியும்வரை.

சைலன்சரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உள்தகடுகள் துருப்பிடித்துச் சரிந்து பாதி அடைத்திருந்தன, புதுசு போட்டார்கள். ரேடியேட்டரைத் திறந்து ராடு விட்டுத் தூர் எடுத்தார்கள்.

பலம் கூடியதா என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் அவருக்கு எட்டிய தூரத்தில் டைனமோமீட்டர் கிடையாது. அவரிடம் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. பழைய மாமல்லபுரம் சாலை அப்போது அதிகாலையில் வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பும் உப்பளமும். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய், முழுக்க மிதித்து, முள் 80-ஐத் தொடும்வரை எத்தனை விநாடி என்று மேஸ்திரியின் பையன் குறித்துக்கொள்வான். காற்றின் சாய்மானம் கழிந்துபோவதற்காகத் திரும்பி வரும்போதும் அதே சோதனை, பிறகு சராசரி. கைவைக்கும் முன் 18 விநாடி. பிரேக், ராடு, டிஸ்ட்ரிபியூட்டர், எரிந்த வால்வு இவை சரியானதும் 15. ஹெட் வேலை எல்லாம் முடிந்தபின் 13.

அந்த 13-ஐக் குதிரைத்திறனாகவும் மாற்றலாம். வண்டியும் இரண்டு ஆளும் சேர்ந்து சுமார் 1,050 கிலோ. 40-லிருந்து 80-க்கு அதைத் தள்ள ஏறக்குறைய 1,94,000 ஜூல் வேண்டும். 18 விநாடியில் என்றால் சராசரி 15 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. 13 விநாடியில் என்றால் 20-ஐத் தாண்டும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் தின்றது போக, வேகம் கூட்டுவதற்கு மிஞ்சியது மட்டும் இது. இருந்ததற்கு மேல் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாக வந்திருக்கிறது. இதில் பெரும்பங்கு, மேஸ்திரி சொன்ன அந்தத் தொலைந்துபோன பலம். அழுத்த விகிதம் 7.3-லிருந்து 8.2-க்கு ஏறினால் ஏட்டுக் கணக்கில் கிடைப்பது 4 சதவீதத்துக்கும் குறைவுதான். ஆனால் அது எல்லா வேகத்திலும், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கிடைக்கும்; பெட்ரோல் செலவிலும் தெரியும்.

வேகம் வந்ததும் பிரேக்கின் லட்சணமும் தெரிந்தது. பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். 80-லிருந்து அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்திப் பிடித்தால் லைனிங் சூடேறிப் பெடல் கெட்டியாகும், வண்டி நிற்காது. மிச்சமிருந்த பணம் முழுக்க அதற்கே போனது. நாலு சக்கரத்துக்கும் புது லைனிங், மாஸ்டர் சிலிண்டர் கிட், டிரம்மைக் கடைசலில் வட்டம் எடுத்தது, புது பிரேக் ஆயில். பலம் கூட்டுகிற பட்ஜெட்டில் நிறுத்துவதற்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்துவைத்துவிட வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். பிறகு அவரிடம் ஆலோசனை கேட்டு வந்த பையன்களிடம் முதலில் பிரேக் பெடலைத்தான் மிதித்துப் பார்த்தார். அது சரியில்லை என்றால் இன்ஜின் பேச்சை எடுக்கவிடவில்லை.

அதே காலத்தில் கோயம்புத்தூரில் இதே சிந்தனை வேறொரு உயரத்தில் நடந்துகொண்டிருந்தது. பந்தயக்காரரான கரிவர்தன், எல்லோருக்கும் எட்டுகிற மாருதியின் பாகங்களை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பேர் பெற்றது அது. வெளிநாட்டு இன்ஜினுக்குக் காத்திருக்காமல், தெருக்கோடி மெக்கானிக்குக்கும் தெரிந்த இன்ஜினை எடுத்து, எடையைக் குறைத்து, வேகத்தை வரவழைத்தார். எடையைக் குறைப்பது பலம் கூட்டுவதற்குச் சமம் என்பதைச் சோழவரத்தில் சிப்பானி டால்ஃபினும் காட்டியது. 848 சி.சி. மட்டுமே உள்ள அந்த ஃபைபர் உடல் வண்டி, தன்னைவிடப் பெரிய இன்ஜின்களைப் பந்தயத்தில் பின்னால் விட்டது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் வந்தது; சோழவரம் ஓய்ந்தது. கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டினார். லேத்துப் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் நிறைந்த ஊரிலிருந்து அப்படியொருவர் வந்ததில் பத்மினிக்காரருக்கு ஆச்சரியம் இருந்ததில்லை, பெருமை மட்டும்தான்.

பத்மினி அவரிடமே இருக்கிறது. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டபோது ஹெட்டை மறுபடி இறக்கி, எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்தினார். ஈயம்தான் அதுவரை மென்மையான சீட்டைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. வேறு இன்ஜினைத் தூக்கி வைக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. நிசான் இன்ஜின் கொண்ட பிரீமியர் 118 என்.இ. பழைய இரும்புக் கடைகளில் மலிவாகக் கிடைத்த காலம் அது. அவர் அந்த வழிக்குப் போகவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்சநீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொன்னது. ஐம்பது வயது கடந்த வண்டிகளுக்கு 2021-இல் தனிப் பதிவு முறை வந்திருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ஓட்டக்கூடாது. அன்றாடம் ஓடாத காரை அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. எஃப்.சி. காட்டி, பதிவைப் புதுப்பித்து, காய்கறி வாங்கவும் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடவும் அதையே எடுக்கிறார்.

இப்போதைய வேலை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதன் ஆக்டேன் 95. சீவிய ஹெட்டுக்கு அது நல்ல சேதி, மேட்டில் ஏறும்போது கேட்கிற அந்தத் தட்டல் சத்தம் இல்லை. ஆனால் எத்தனால் தன்னிலேயே ஆக்ஸிஜன் வைத்திருப்பது. சுத்தமான பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டுமென்றால் இந்தக் கலவைக்கு 13.5 போதும். பழைய கார்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றும், கலவை வறண்டுபோகும், இன்ஜின் சூடாகும். எரிபொருள் சுமார் 9 சதவீதம் கூடுதலாகப் போக வேண்டும். வண்டியில் இருக்கிற சோலெக்ஸ் கார்பரேட்டரில் ஜெட்டின் எண் அதன் துளை விட்டத்தைச் சொல்வது. 120 என்றால் 1.20 மி.மீ. 125 போட்டால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடும். அவர் 125 போட்டுவிட்டார். பம்பின் டயஃப்ரம்மையும் ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்குகிற ரகத்துக்கு மாற்றியாயிற்று. மிதவை அறையின் கேஸ்கெட் மட்டும் ஊறி உப்பிக்கொண்டிருக்கிறது. புதுப்பேட்டையில் ஒரு பாய் கடையில், தடித்த தாளில் அளவு வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.